முதலில் பத்து நாள் அந்த நாய் உயிரோடு இருக்கட்டும்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஆறு மாதமாகப் பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் இருந்தபடியே வேலை செய்கிறேன். கூடவே பிரவுனியும் வந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டுக் கிடந்த நாய். ஒரு காப்பகத்தார் தூக்கிப்போய் வைத்தியம் பார்த்தார்கள், நான் தத்தெடுத்தேன். மூன்று வயது இருக்கும் என்றார்கள். வீட்டுக்குள் தங்கமான நாய். ஆனால் இங்கே வந்ததிலிருந்து தெருவில் ஆறு கோழி போய்விட்டது. காசு கொடுத்துச் சமாளித்தோம். போன வாரம் விடியற்காலையில் எதிர்வீட்டு அத்தையின் ஆட்டுக் கொட்டகைப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஒரு கிடாக்குட்டியைக் கொன்றுவிட்டது, ஒரு சினை ஆட்டையும் கடித்துவிட்டது. எதையும் தின்னவில்லை. வயிறார சோறு போட்டும் ஏன் இப்படி? காப்பகத்தார் பொய் சொல்லிவிட்டார்களோ? ‘ரத்த ருசி கண்ட நாய், அடிச்சுக் கொல்லு’ என்கிறது தெரு. கொள்ளிடம் தாண்டி விட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறார் அப்பா. ஊசி போட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரவுனி திருந்துமா? தீபாவளிக்கு அக்காவின் நான்கு வயதுப் பையன் வருகிறான், பயமாக இருக்கிறது. கருத்தடை செய்தால் அடங்குமா? துணைக்கு இன்னொரு நாய் வளர்த்தால்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஆட்டுக்கான வைத்தியத்தையும் பத்து நாள் கணக்கையும் உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே சிக்கலில் மாட்டிக்கொள்கிற மற்றவர்களுக்காக அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். டெல்டாவில் கால்நடை வைத்தியம் பார்ப்பவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. முன்பு பண்ணை வீட்டு நாயைப் பற்றிக் கேட்பார்கள், இப்போது நகரத்திலிருந்து தத்தெடுத்துக் கூட்டிவந்த நாயைப் பற்றிக் கேட்கிறார்கள்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரவுனியைக் கொல்ல வேண்டியதில்லை. கொள்ளிடம் தாண்டிப் போய் விடவும் கூடாது. ஆனால் ஆடு, கோழி நடமாடுகிற இடத்தில் அது இனி ஒருநாளும் கயிறில்லாமல் திரியக் கூடாது. அதை உங்களால் வருஷம் முழுக்க, அடைமழையிலும், உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்த நாளிலும் செய்ய முடியுமா என்பதில்தான் அந்த நாயின் உயிர் இருக்கிறது. உங்கள் பாசமும் தெருவின் கோபமும் இதில் அப்புறம்தான்.

சரி, வரிசையாகப் போவோம். ஆடுதான் முதலில்.

நாய்க்கடி வெளியே பார்க்கச் சின்னதாக இருக்கும். சினை ஆட்டின் கழுத்தில் ஒரு பயறு அளவு ஓட்டை தெரியும், ரத்தம்கூட நின்றிருக்கும். ‘ஒண்ணும் பெரிசா இல்ல’ என்று மஞ்சளை அப்பிவிட்டு விட்டுவிடுவார்கள். அந்த இடத்து மயிரைக் கத்தரித்துப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை, தாடைக்கடியில் இன்னும் இரண்டு, தொடையின் உள்பக்கம் ஒன்று என்று வரிசையாக வெளியே வரும். ஓட்டைக்கு மேலே தோலைப் பிடித்துத் தூக்கினால் சதையை விட்டுத் தனியாகக் கழன்று வரும். நாய் கவ்விக்கொண்டு உலுக்கியதால் வந்தது அது. உள்ளே சதை நசுங்கி, நாயின் எச்சிலும் ஆட்டின் மயிரும் மண்ணும் சேர்ந்து அடைந்து கிடக்கும். மேலே ஓட்டை மூடிக்கொண்டால் உள்ளே சீழ் வைக்கும். ஈ மொய்க்கும் காலத்தில் இரண்டு மூன்று நாளில் புழுவும் வைத்துவிடும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். குழாயைத் திறந்துவிட்டு, சாதாரணத் துணி சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், நம் கணக்கில் 15 நிமிஷம் என்பது மூன்றே நிமிஷத்தில் முடிந்துவிடும். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். அப்புறம் போவிடோன் அயோடின். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், டீசல் எதுவும் வேண்டாம். துணி போட்டு இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உடனே கால்நடை மருந்தகம். தூக்கிப்போக வழியில்லை என்றால் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். காயம் பெரிது என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுபோய்விடுங்கள். நாய் கடித்த ஓட்டைகளை நாங்கள் பெரும்பாலும் தைப்பதில்லை, திறந்தே வைத்து ஆற்றுவோம். ‘டாக்டர் தையல் கூடப் போடல’ என்று அத்தை வருத்தப்பட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

அடுத்தது வெறிநோய். ஊர்க்காரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, ஆட்டைக் கடித்த நாயை அன்றைக்கே கொல்லாதீர்கள் என்பதுதான். நாய் மேல் இரக்கப்பட்டு மட்டும் சொல்லவில்லை. வெறிநோய்க் கிருமி எச்சிலில் இறங்கிவிட்ட நாய் அதிக நாள் தாங்காது. கடித்த நாளிலிருந்து 10 நாள் நாய் நலமாக நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். நாயை அடித்துக் கொன்று வாய்க்காலில் போட்டுவிட்டால் இதைத் தெரிந்துகொள்ள வழியே போய்விடும். அப்புறம் கடிபட்ட ஆட்டுக்கும், அதைத் தொட்டுத் தூக்கிய மனிதர்களுக்கும் சந்தேகத்தோடே முழு ஊசியும் போட்டாக வேண்டும். தெருவில் கோபமாகப் பேசுபவர்களிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். பத்து நாள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதற்குள் சூடும் ஆறிவிடும்.

பிரவுனிக்குக் காப்பகத்தில் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள், ஒரு வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். அட்டை இருந்தாலும் பத்து நாள் தனியாகக் கட்டிக் கண்காணிக்கத்தான் வேண்டும். ஆட்டுக்குக் கடிபட்ட நாள், 3, 7, 14, 28 என்று தடுப்பூசி. ஒவ்வொரு தடவையும் ஆட்டை நீங்களே வண்டி வைத்து அழைத்துப் போங்கள். 14-ஆம் நாளும் 28-ஆம் நாளும்தான் எல்லோருக்கும் மறக்கும், ஆடு நன்றாகத் தழை தின்றுகொண்டிருக்கும் அல்லவா? இன்னொன்று, அன்று காலையில் ரத்தம் வழிகிற ஆட்டை அத்தை வெறும் கையால் பிடித்திருப்பார். நாற்று பறித்து வெடித்த கையில் அந்த எச்சில் பட்டிருந்தால் அவருக்கும் ஊசி வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கூச்சப்படாமல் நீங்கள் கேட்டுவிடுங்கள், அவராகச் சொல்ல மாட்டார்.

கடிபட்ட ஆட்டை அன்றே பாதி விலைக்குக் கேட்டு யாராவது வருவார்கள். விற்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லி, அந்த நஷ்டத்தையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அதை அறுத்து, உரித்து, கழுவுகிறவர் கையில் காயம் இருந்தால் வம்பு. செத்த குட்டியை நாய்க்கும் போடக் கூடாது, வாய்க்காலிலும் வீசக் கூடாது. தண்ணீர் ஊறாத மேட்டுத் திடலில் ஆழமாகக் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். பிரவுனிக்குக் குடற்புழு மருந்தும் கொடுங்கள், நாடாப்புழுவுக்கும் சேர்ந்த மருந்தாகப் பார்த்து. நாயின் மலத்தில் வரும் ஒருவகை நாடாப்புழு முட்டை புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போனால் மூளையில் நீர்க்கட்டியாக வளரும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து செத்துப்போகும். ஆட்டுக்காரர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். அது நாயிடமிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது அத்தை விஷயம். இதைத்தான் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

நிலம் இல்லாத வீட்டில் நாலு ஆடு என்பது வங்கிக் கணக்கு. பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்றை விற்பார்கள், மகளின் சீருக்கு ஒன்றை விற்பார்கள். செத்தது கிடாக்குட்டி என்கிறீர்கள். இன்றைய குட்டி விலையைக் கொடுத்தால் கணக்கு தீராது. அது ஆடி மாதம் கோயில் கிடாவாகவோ பக்ரீத்துக்கோ போயிருக்க வேண்டியது. அந்த விலையைப் பேசுங்கள். சினை ஆடு இப்போது பிழைத்தாலும் அடுத்த சில வாரத்தில் பயத்திலும் காய்ச்சலிலும் கருவைத் தள்ளிவிடலாம். ஆகவே ஆடு ஈனும்வரை பேச்சு முடியவில்லை என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். பஞ்சாயத்தில் கூப்பிட்டு விடுவதற்கு முன்னால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். முடியாவிட்டாலும் கைத்தாங்கலாக அழைத்துப் போங்கள், இந்த ஊரில் அவர் வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அங்கே உட்கார்ந்து பிரவுனி எவ்வளவு நல்ல நாய், எப்படி அடிபட்டுக் கிடந்தது என்ற கதையை எடுக்காதீர்கள். அவர் குட்டி செத்துப்போயிருக்கிறது.

அரசு நிவாரணம் உண்டே என்று யாராவது சொல்வார்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆட்டு விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடியதையும், அதன்பின் நிவாரணம் அறிவித்ததையும் செய்தியில் பார்த்திருப்பார்கள். அது தெருநாய் கடித்துச் செத்தவற்றுக்கு. பிரவுனிக்குச் சொந்தக்காரர் நீங்கள் இருக்கிறீர்கள், ஆகவே கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான்.

சரி, வயிறார சோறு போட்டும் ஏன் கடித்தது? பசிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. நாயின் வேட்டை பல படிகள் கொண்டது: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உலுக்கிக் கொல்வது, கிழித்துத் தின்பது. ஒவ்வொரு படியும் நாய்க்குத் தனியாகவே இன்பம் தருவது. மனிதன் நாயை வளர்க்கத் தொடங்கியபின் தன் தேவைக்கேற்ப இந்தப் படிகளில் சிலவற்றைக் கூட்டினான், சிலவற்றைக் குறைத்தான். ஆடு மேய்க்கப் பழக்கிய இனங்கள் துரத்துவதோடு நின்றுவிடும். நம் சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவை. பிரவுனியின் படத்தைப் பார்த்தேன். நீளக் கால், ஒட்டிய வயிறு, ஏறிய முதுகு. கலப்புதான், ஆனால் அந்த ரத்தம் ஓடுகிறது. அதோடு நெடுஞ்சாலை ஓரத்தில் தானே தேடித் தின்று வளர்ந்த நாய். கடைசிப் படிவரை அது தானாகவே கற்றிருக்கும்.

கொட்டகைக்குள் என்ன நடந்திருக்கும் என்றும் ஊகிக்கலாம். வெளியே மேய்கிற ஆடு ஓடித் தப்பிவிடும், துரத்தல் அங்கேயே முடிந்துபோகும். கட்டிப்போட்ட ஆடு ஓட முடியாமல் துள்ளித் துள்ளிக் கத்துகிறது. அந்தச் சத்தமும் துள்ளலும் நாயை மறுபடி முதல் படிக்கே கொண்டுபோகிறது. ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. தின்பதற்கு அதற்கு நேரமே வருவதில்லை. கோழிக்கூட்டில் புகுந்த கீரி பத்தையும் கடித்துப் போட்டுவிட்டுப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காப்பகத்தார் பொய் சொல்லிவிட்டார்களோ என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதரோடு எப்படி, மற்ற நாயோடு எப்படி என்றுதான் அங்கே பார்க்க முடியும். மாடி வீட்டில் ஆட்டைக் காட்டியா சோதிப்பார்கள்?

இனி ஊர் வைத்தியங்கள். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டி அழுகவிடுவது, கடித்த இடத்துக்கே இழுத்துப்போய் அடிப்பது, முட்டுகிற கிடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவது. எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஒன்றும் வேலைக்காகாது. கடித்து அரை மணி கழித்து விழும் அடியை நாய் கடியோடு முடிச்சுப் போடாது. கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் அது கற்பது, நீங்கள் பார்க்கும்போது செய்யக் கூடாது என்பதை மட்டும்தான். விடியற்காலை நாலரைக்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

தெரு சொல்லும் ‘ரத்த ருசி’யில் ஒரு பாதி உண்மை உண்டு. ரத்தத்தின் ருசியால் நாய் மாறிவிடுவதில்லை, துரத்திப் பிடித்துவிட்டோம் என்ற ருசிதான் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு வெற்றியும் அடுத்ததைச் சுலபமாக்கும். முதல் கோழிக்கே நீங்கள் கயிறு போட்டிருந்தால் குட்டி வரை வந்திருக்காது.

அப்படியானால் திருந்துமா? ‘திருந்துவது’ என்றால் ஆட்டுக்கு நடுவே அவிழ்த்துவிட்டாலும் சும்மா இருக்கும் என்று நீங்கள் நினைத்தால், இல்லை. குட்டியாக இருந்தபோதே, பிறந்து மூன்று மாதத்துக்குள், ஆட்டோடு ஆடாக வளர்த்திருந்தால் வேறு கதை. மூன்று வயதில், கொன்று பழகிய நாயை எந்தப் பயிற்சியாளர் ‘கியாரண்டி’ கொடுத்தாலும் நம்பாதீர்கள். கயிற்றில் போகும்போது எதிரே ஆடு வந்தால் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், கூப்பிட்டால் வரும், இழுக்காமல் கடந்துபோகும் என்ற அளவுக்குக் கொண்டுவரலாம். பொறுமையாகச் செய்தால் சில மாதத்தில் ஆகக்கூடியதுதான்.

செய்முறை இது. வாய்க்காலுக்கு அந்தக் கரையில் ஆடு மேய்கிறபோது இந்தக் கரையில் நில்லுங்கள். பிரவுனியின் வாயைக் கவனியுங்கள். மூச்சிரைத்துத் திறந்திருந்த வாய் சட்டென்று மூடும், காது முன்னால் வரும், வால் விறைக்கும், உடம்பு அசையாமல் நிற்கும். அதற்குப் பிறகு கூப்பிட்டால் காதில் விழாது. அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே, ஆட்டைப் பார்த்து இன்னும் தளர்வாக இருக்கும்போதே பெயர் சொல்லி, திரும்பியதும் வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்று. வாய் மூடிவிட்டால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பேசாமல் திரும்பி நடங்கள். தூரத்தைக் குறைப்பது வாரக் கணக்கில் நடக்க வேண்டிய வேலை.

நடக்கக் கூட்டிப்போகும்போது கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிற்றை மாட்டுங்கள். வாய்க்கும் கூடு வேண்டும். துணியில் வாயை இறுக்கிக் கட்டுகிற வகை வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாவிட்டால் சுருண்டு விழுந்துவிடும். போரடிக்கும் மாட்டுக்குப் போடுகிற வாய்க்கூடு மாதிரி, உள்ளே வாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிற அளவுக்கு இடமுள்ள கூடை வகையாக வாங்குங்கள். கூட்டுக்குள் பிஸ்கட் வைத்து அதுவாக மூக்கை நுழைக்கும்படி பழக்குங்கள். வாய்க்கூடு போட்ட நாயைப் பார்த்தாலே தெருவுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும், இதுவும் ஒரு லாபம்.

ஆனால் உண்மையான வேலை வேலிதான். தஞ்சாவூர் வீடுகளில் கொல்லை நீளமாக இருக்கும், பின்னால் கிளுவை வேலியோ மூங்கில் படலோ இருக்கும். ஆட்டை மறிக்க அது போதும், நாய்க்குப் போதாது. கொல்லை முழுக்க அடைக்க வேண்டாம், ஒரு பகுதியை ஆறடி உயரக் கம்பி வலையில் அடையுங்கள். வலையின் அடி ஒரு அடியாவது மண்ணுக்குள் போகட்டும், உள்பக்கம் கருங்கல்லோ உடைந்த ஓட்டுத் துண்டோ பாவுங்கள். கோடையில் நம் களிமண் கல்லாக இருக்கும், ஐப்பசி மழை பெய்ததும் நாய்க்கு ஒரு மணி நேர வேலை. மூங்கில் கால் ஊன்றினால் இரண்டு மழையில் உளுத்துவிடும், சிமென்ட் கால் போடுங்கள். கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங். நாய் ஓடிப்போனதில் பாதிக் கதைகள் ‘பால்காரர் கதவைத் திறந்தபோது’ என்றுதான் ஆரம்பிக்கும்.

வேலி முடியும்வரை இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டினால் முன்னும் பின்னும் நடக்கும். சுவர் ஓரமாகவோ வேலி ஓரமாகவோ கட்டாதீர்கள், தாண்டிக் குதித்துத் தொங்கிவிடும். ஒன்றரை அடிச் சங்கிலியில் தூணோடு சேர்த்துக் கட்டி வைப்பது எந்த நாயையும் கெடுக்கும். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி அதுவே குற்றமும் ஆகும். இரவில் வீட்டுக்குள் படுக்கட்டும்.

இதற்கெல்லாம் உங்களுக்கு ஒரு கெடு உண்டு, அது தை மாதம். இப்போது வயலெல்லாம் சம்பா நடவு. ஆடுகளைக் கட்டிப்போட்டுத் தழை ஒடித்துப் போடுகிறார்கள், இல்லையென்றால் சாலை ஓரத்திலும் ஆற்றுக் கரையிலும் கையில் பிடித்து மேய்க்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஊர் ஆடு மொத்தமும் வயலில் இறங்கும். வாத்துக்காரர்கள் பட்டி பட்டியாக வாத்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து செம்மறி ஓட்டிவரும் கீதாரிகள் வந்து வயலில் கிடை போடுவார்கள். ஒரே வயலில் வலைக்குள் நூற்றுக்கணக்கில் செம்மறி படுத்திருக்கும் இடத்தில் இரவு ஒரு நாய் புகுந்தால், கடித்துச் சாவதைவிட மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாவது அதிகம். அந்த நஷ்டத்தை உங்கள் சம்பளத்தால் ஈடுகட்ட முடியாது. தைக்குள் வேலி முடியாதென்றால் பிரவுனிக்கு வேறு இடம் பார்த்துவிடுவதே சரி.

வேறு இடம் என்றதும் அப்பா சொன்னதற்கு வருகிறேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமும் ஆடு இருக்கிறது, அங்கேயும் ஒரு அத்தை இருக்கிறார். வளர்த்த விலங்கைக் கைவிடுவதும் அதே 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். கறிக்கடைக் கழிவு கொட்டும் இடத்தில் கூட்டமாகத் திரியும் நாய்களோடு பிரவுனி சேர்ந்துவிட்டால், தனியாகச் செய்ததைக் கூட்டமாகச் செய்யும். நகராட்சி வண்டியில் ஏற்றிவிடலாம் என்றும் யாராவது சொல்லலாம். 2023-இன் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு எடுத்த இடத்திலேயே விடச் சொல்பவை. வீட்டு நாயை ஒழித்துக்கட்டுவதற்கான வழி அதில் இல்லை.

தெருவில் ‘அடிச்சுக் கொல்லு’ என்பவர்களுக்கும் சட்டம் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வதற்கோ முடமாக்குவதற்கோ 5 ஆண்டு வரை சிறை. பிரிட்டனில் ஆட்டை விரட்டும் நாயைப் பண்ணைக்காரர் சுடலாமாமே என்று இணையத்தில் படித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அங்கே சட்டம் வேறு, அதிலும் வேறு வழியே இல்லாதபோதுதான். ஆனால் சட்டத்தைக் காட்டி நீங்கள் தெருவை மிரட்டினால் நாயை இழப்பீர்கள். எந்தக் கிராமத்திலும் யாரும் கம்பை எடுத்து வருவதில்லை, ஒருநாள் காலையில் விஷம் வைத்த சோற்றுருண்டை ஒன்று கொல்லையில் கிடக்கும். அதை நாய் மட்டும் தின்னாது. காக்கை தின்னும், அத்தையின் கோழியும் தின்னும். வாயில் நுரை தள்ளி, உடம்பு வெட்டிக்கொண்டு வரும் நாய்க்கு நாங்கள் அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசியைப் போடுவதற்குள் பெரும்பாலும் நேரம் தாண்டியிருக்கும். அத்தைக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டால் உங்கள் கொல்லையில் சோற்றுருண்டை விழாது.

வேறு இடம் என்றால் முதலில் காப்பகத்தைக் கேளுங்கள். பெரும்பாலான காப்பகங்கள் தத்துக் கொடுக்கும்போதே ‘முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தாருங்கள்’ என்று எழுதி வாங்குவார்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சுற்றுச்சுவர் உள்ள வீடு, பக்கத்தில் ஆடு கோழி இல்லாத தெரு என்றால் பிரவுனி அங்கே நிம்மதியாக வாழும். ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் நடந்ததை எழுத்தில் சொல்லிக் கொடுங்கள்: ஆறு கோழி, ஒரு குட்டி, ஒரு சினை ஆடு, தேதியோடு. மறைத்துக் கொடுப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. தோப்பு வீடு, ‘ஓடியாட நிறைய இடம் இருக்கு’ என்பவர்களிடம் கொடுக்காதீர்கள், அந்த இடத்தில்தான் ஆடும் மேயும்.

கருணைக்கொலைக்கு நான் எப்போது சம்மதிப்பேன் என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கத் தயங்கியது அதுதான். மனிதர்களையும் முன்னறிவிப்பில்லாமல் கடித்துக் காயப்படுத்துகிற நாய், தீராத நோயில் துடிக்கிற நாய், அடைத்து வைக்கவும் வழியில்லாமல், ஏற்றுக்கொள்ள எந்த வீடும் காப்பகமும் இல்லாமல் வாழ்நாள் முழுக்க ஒன்றரை அடிச் சங்கிலியில் பைத்தியம் பிடித்துக் கிடக்கப் போகிற நாய். கடைசி வகையைச் சொல்லும்போது சக மருத்துவர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். வலியில்லாத ஊசி அந்தச் சங்கிலியைவிட மேல் என்பதே என் கருத்து. பிரவுனி இந்த மூன்றிலும் இல்லை. அதற்கு நீங்கள் இருக்கிறீர்கள், கொல்லையும் இருக்கிறது.

அக்கா பையனைப் பற்றி. ஆட்டைக் கடிக்கும் நாய் குழந்தையையும் கடிக்கும் என்பது நேர்க் கணக்கு இல்லை. வேட்டைக்கான தூண்டல் வேறு, மனிதர்மேல் காட்டும் கோபம் வேறு. ஆனால் தீபாவளி நேரம், வெடிச் சத்தத்தில் நாய் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும். நான்கு வயதுப் பையன் கத்திக்கொண்டு ஓடுவான், விழுவான். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள். வெடி போடும் நேரத்தில் பிரவுனி உள்ளறையில், மின்விசிறி ஓட, கதவு சாத்தி இருக்கட்டும். மனிதருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் நாயைக் கட்டிக் காக்காமல் விட்டால் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதையும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

கருத்தடை காப்பகத்திலேயே செய்திருப்பார்கள், அட்டையில் இருக்கும். செய்திருக்காவிட்டால் செய்யுங்கள், ஊர் சுற்றுவது குறையும். துரத்துவது குறையாது.

துணைக்கு இன்னொரு நாய் மட்டும் வேண்டவே வேண்டாம். தனி நாய் கோழியைப் பார்த்து யோசிக்கும் இடத்தில் இரண்டு நாய் யோசிக்காது. ஒன்று விரட்ட ஒன்று மடக்கும், வேலியில் ஒன்று தோண்டிய பள்ளத்தை மற்றது பெரிதாக்கும். புதிதாக வருவது குட்டி என்றால் பிரவுனியிடமிருந்து ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும். பிரவுனிக்குத் துணை வேண்டுமென்றால் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நீங்கள் கூட நடங்கள், ஆடு அவிழ்ப்பதற்கு முன்னாலும் அடைத்த பின்னாலும்.